நிறுத்தும் தேதியை யார் எழுதுவது?

புதுவை நகராட்சியில் பிறப்புப் பதிவுக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பழைய ஆட்கள் இன்னும் 'மேரி' என்றுதான் சொல்வோம். குழந்தைகளின் பிறந்த தேதியை எழுதியே என் உத்தியோக காலம் போனது. ஒரு தேதி விட்டுப்போனால் எத்தனை தொல்லை என்று எனக்குத் தெரியும். இன்று எழுதுவதும் ஒரு தேதியைப் பற்றித்தான்.

என் தங்கையின் பேத்திக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பிசிஓடி, மாதவிலக்கு ஒழுங்கில்லை. உடம்பைக் குறைத்தால் குழந்தை தங்கும் என்றார்கள். அது பொய்யில்லை. இந்தக் கோளாறு உள்ள பருமனான பெண்களில் பலருக்கு, எடை நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே கருமுட்டை வெளிவருவது சீராகிறது. வாரம் ஒரு செமாக்ளூடைட் ஊசி போட்டார்கள். ஆறு மாதத்தில் 11 கிலோ இறங்கியது. வீடே சந்தோஷப்பட்டது. பிறகு நாள் தள்ளிப்போனது. ஊசி மட்டும் நிற்கவில்லை.

"தாத்தா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் கொண்டுவந்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கர்ப்பமாக நினைப்பவர்கள் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டுமாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். விலங்குகளில் செய்த சோதனைகளில் கருவுக்குக் கேடு தெரிந்திருக்கிறது. மனிதரில் போதிய அனுபவம் இன்னும் சேரவில்லை. அவளிடம் இதை யாரும் சொல்லவில்லை.

2025-இல் நம் நாட்டுக்கு வந்த மவுன்ஜாரோ ஊசிக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. கர்ப்பத்தடை மாத்திரையின் பலனை அது குறைக்கலாம். தொடங்கிய 4 வாரமும், அளவைக் கூட்டும் போதெல்லாம் 4 வாரமும் வேறு தடுப்பும் வேண்டும்.

நான் மருந்துக்கு விரோதியல்ல. ஆனால் பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கும் பழக்கம் விடாதவன். பிரான்சில் 1976 முதல் 2009 வரை மெடியாதோர் என்ற மாத்திரை சர்க்கரைக்கு என்று விற்றது. பலர் உடல் மெலியச் சாப்பிட்டார்கள். அது இதய வால்வைக் கெடுத்ததை வெளியே கொண்டுவந்தவர் பிரெஸ்ட் நகரின் டாக்டர் இரேன் ஃப்ராஷோன். 2021-இல் பாரிஸ் நீதிமன்றம் தயாரித்த நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. அது வேறு மருந்து, வேறு கதை. ஆனாலும் மெலிய வேண்டும் என்ற ஆசை கேள்வி கேட்க விடாது என்பதை அதில் பார்த்தேன்.

என் கோரிக்கை சிறியது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இந்த ஊசியை எழுதும்போதே, நிறுத்தும் தேதியையும் அதே சீட்டில் எழுதட்டும். ஃபோலிக் ஆசிட் எப்போது தொடங்குவது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

நமக்கும் பங்கு உண்டு. "இன்னும் மெலியணும்" என்பதும் நாம்தான், "என்ன, விசேஷம் உண்டா?" என்று மாதாமாதம் கேட்பதும் நாம்தான். நிறுத்தினால் எடை ஏறுமோ என்று அந்தப் பெண் பயப்படும் இரண்டு மாதத்திலாவது நாம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

ஊசியை உடனே நிறுத்தியாயிற்று. பதற வேண்டாம், ஸ்கேனில் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் மாத ஸ்கேன் அடுத்த வாரம். அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ இந்த ஊசி போட்டுக்கொண்டால், இன்றே கேளுங்கள்: "எப்போ நிறுத்தச் சொன்னாங்க?"