புரியாத இடத்திலிருந்து



அறிவியல் எழுத ஆசைப்படும் இளைஞர்கள் பலர் எங்கள் இதழுக்குக் கடிதம் போடுகிறார்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "எதைப் பற்றி எழுதுவது?" கருந்துளை, மரபணு என்று எல்லாவற்றையும் அறிந்தவர்கள் எழுதிவிட்டார்களே, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருக்கும் நான் என்ன எழுதிவிட முடியும் என்ற தயக்கம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அவர்களுக்கு ஜேன் மார்செட் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1769-இல் லண்டனில் பிறந்தவர் அவர். கணவர் மருத்துவர், வேதியியலில் ஈடுபாடு உள்ளவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய வேதியியல் சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் அலைமோதும். மார்செட்டும் போனார். சோதனைகள் கண்ணைக் கவர்ந்தன, விளக்கம்தான் பிடிபடவில்லை. பிறகு, விஷயம் தெரிந்த நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிப் பேசித் தெளிந்துகொண்டார். அதன்பின் அதே அரங்கில் கேட்டவை எல்லாம் விளங்கத் தொடங்கின.

தனக்குக் கைகொடுத்த அந்தப் பேச்சையே அவர் புத்தகமாக்கினார். 1805-இன் இறுதியில் 'வேதியியல் உரையாடல்கள்' ஆசிரியர் பெயர் போடாமல் வெளிவந்தது. அதில் பேசுபவர்கள் ஓர் ஆசிரியை, இரண்டு மாணவிகள். எமிலி நிதானமாக யோசிப்பவள். கேரலைனோ படபடப்பானவள்; வேதியியல் என்றால் மருந்துக்கடைச் சமாச்சாரம்தானே என்ற அலட்சியத்தோடு வந்து உட்காருகிறாள். அவள் குறுக்கே கேட்கும் கேள்விகள்தான் அந்தப் புத்தகத்தின் உயிர் என்பேன். படிக்கிறவர் மனத்தில் சந்தேகம் எழும் அதே இடத்தில் அவளும் கேட்டுவிடுகிறாள்.

அதே லண்டனில், புத்தக பைண்டிங் கடையில் ஒரு பையன் தொழில் பழகிக்கொண்டிருந்தான். கொல்லர் மகன், பள்ளிப்படிப்பு சொற்பம். தைக்க வந்த புத்தகங்களைப் படிப்பது அவன் வழக்கம். அப்படிக் கைக்கு வந்தவற்றில் ஒன்று மார்செட்டின் புத்தகம். படித்ததை அப்படியே நம்பிவிடாமல், கையில் இருந்த காசுக்குள் சின்னச் சின்னச் சோதனைகள் செய்து பார்த்தான். புத்தகம் சொன்னபடியே நடந்தது. அந்தப் பையன்தான் மைக்கேல் ஃபாரடே. 1813-இல் டேவியின் உதவியாளராகச் சேர்ந்து, 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர். வேதியியலில் தனக்குப் பிடிமானம் தந்தது அந்தப் புத்தகமே என்று முதுமையிலும் நன்றியோடு எழுதினார். மார்செட்டும் பதிப்புக்குப் பதிப்பு தன் நூலைத் திருத்திக்கொண்டே இருந்தார். பிந்தைய பதிப்புகளில் ஃபாரடேயின் கண்டுபிடிப்புகளே இடம்பெற்றன.

டேவிக்கு வேதியியல் தெரிந்த அளவு மார்செட்டுக்குத் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் குழம்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அண்மையில்தான் அங்கே குழம்பி நின்றவர் என்பதால். ஒரு துறையில் ஊறியவர்களுக்கு அந்த நினைவு மங்கிவிடுகிறது. புதிதாக எழுத வருகிறவருக்கோ அது பசுமையாக இருக்கிறது. நண்பர்களே, நீங்கள் குறை என்று எண்ணும் அதுதான் உங்கள் முதல்.

எடுத்துக்காட்டாக, மண்பானையை எடுத்துக்கொள்ளுங்கள். பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, அதற்கான வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது, ஆகவே நீர் குளிர்கிறது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இதோடு நின்றால் கட்டுரை பிறக்காது. அப்படியானால் கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் ஏன் மதுரை வெயிலில் குளிரும் அளவுக்குக் குளிர்வதில்லை? பழம்பானையைவிடப் புதுப்பானை ஏன் நன்றாகக் குளிர்விக்கிறது? இப்போது காற்றின் ஈரப்பதம் பேச்சுக்குள் வருகிறது; துளைகளில் படியும் உப்பு வருகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பம் வெளியேறினால் 58 கிராம் நீர் 10 டிகிரி செல்சியஸ் குளிரும் என்ற கணக்கும் வருகிறது. ஒரு வெப்பமானியும் இரண்டு பானைகளும் இருந்தால் நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

அளந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எளிமைக்காக உண்மையை வளைக்கும் எழுத்து எனக்கு வருத்தம் தருகிறது. ஏழைப் பையன் ஒருவன் தன் சொற்பக் காசில் சோதித்தபோதும் மார்செட்டின் வரிகள் பொய்க்கவில்லை. நம் பக்கங்களைப் படித்துவிட்டு ஒரு சிறுமி சமையலறையில் சோதித்துப் பார்க்கக்கூடும்.

வரும் இதழ்களில் புதியவர்களின் கட்டுரைகளுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குகிறோம். பொருள் எதுவானாலும் சரி. கட்டுரையோடு தனித்தாளில் இரண்டு விவரங்களை எழுதி அனுப்புங்கள்: உங்களுக்கு முதலில் புரியாமல் போனது எது, அதை யாரிடம் கேட்டு அல்லது எப்படிச் செய்துபார்த்துத் தெளிந்தீர்கள். கட்டுரையைப் படிக்கும் முன் அந்தத் தாளைத்தான் நான் படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்