தாய்மையும் தொழிலும்

மகப்பேற்றுக்குப் பின் நாற்பது நாள் ஓய்வு என்பது நம் பாட்டிமார் வகுத்த முறை. மருத்துவமும் ஏறத்தாழ ஆறு வாரம் என்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017இன் திருத்தத்தால், நிறுவனங்களில் ஊதியம் பெறும் மகளிர்க்கு முதல் இரு பேறுகளுக்கு 26 வார விடுப்பு நல்கிற்று. ஆனால், புதுவைப் பெரிய மார்க்கெட்டில் கூடை வைத்து விற்பவளுக்கும், வீட்டுத் திண்ணையில் தையல் எந்திரம் இட்டிருப்பவளுக்கும் விடுப்பளிப்பவர் யாவர் என வினவுகிறோம். முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே! முதற் குழந்தைக்கென நடுவணரசு வழங்கும் 5,000 ரூபாய் பத்தியச் செலவுக்கே சரியாகிவிடும். வருவாய் இழப்பைவிட, வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவர் என்பதே அவள் அச்சம். குழுக்கடன் தவணையோ ஓய்வறியாது. அந்நாற்பது நாளும் தவணையைக் குழுக்கள் தள்ளிவைத்தல் வேண்டும்; சந்தையில் அவள் அமரும் இடத்தைப் பிறர் கொள்ளாவண்ணம் நகராட்சி காத்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கணவன்மாரும் சின்னாள் கடையில் அமரலாம், குற்றமில்லை.