ஓரடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்

வாகனத் தொழிலில் உப்புநீர்ச் சோதனை என்று ஒன்று உண்டு. மூடிய பெட்டிக்குள் 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனியாகத் தூவிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே நிற்கும் பெயின்ட் அடித்த தகடு எத்தனை நூறு மணி நேரம் துருவேறாமல் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக வந்த, சென்னையை அடுத்த ஒரகடத்தில் எத்தனையோ பேருடைய சம்பளம் இந்த ஒரு கவலையைச் சுற்றித்தான் ஓடுகிறது: புதுசு எப்படிப் புதுசாகவே இருப்பது?

இதற்கு நேர் எதிரான வேலையைக் கைக்காசு போட்டுச் செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற மரக்கட்டடம் ஒன்றைக் கட்டுவார்கள். அது ஐம்பது வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த மாதிரி தெரிய வேண்டும். பலகை நரைக்க வேண்டும், தகரம் துருப்பிடிக்க வேண்டும், கூரையின் ஒரு மூலை கொஞ்சம் தொய்ய வேண்டும். அந்தத் தொய்வை அளவாகக் கொண்டுவருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும்.

அமெரிக்காவில் இதற்கென்றே 'கிராஃப்ட்ஸ்மேன் கிட்' என்ற பெட்டிகள் விற்கின்றன. பிளாஸ்டிக் கிட்டைப் போல அச்சில் வார்த்த சுவர்களை ஒட்டி முடித்துவிட முடியாது. பெட்டியைத் திறந்தால் மெல்லிய மரச் சட்டங்கள், ஒரு வரைபடம், ஈயத்தில் வார்த்த பீப்பாய், குழாய் போன்ற சில்லறைச் சாமான்கள், பக்கம் பக்கமாகக் குறிப்புகள், அவ்வளவுதான். அறுப்பது, சாயம் ஏற்றுவது, ஒட்டுவது எல்லாம் வாங்கியவர் பாடு. மாசசூசெட்ஸின் பீபாடி ஊரில் ஜார்ஜ் செலியோஸ் 1967-இல் தொடங்கிய 'ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ்' இந்த வகையில் பெரிய பெயர். அவர் 1985 முதல் தனக்கென்று கட்டிய மாதிரி ரயில் உலகம், 1930-களின் பொருளாதார மந்தத்தில் நொந்துபோன நியூ இங்கிலாந்து நகரங்களைக் காட்டுகிறது. அதில் ஒரு சுவர்கூடப் புதிதாகத் தெரியாது. அவருக்கும் முன்னோடி, கலிபோர்னியாவின் மான்டரேயில் இருந்த ஜான் ஆலன். பளபளப்பான பொம்மை ரயில்களே பெருமை என்றிருந்த நாளில், புகையும் துருவும் படிந்த ரயிலைச் செய்து காட்டியவர். 1973-இல் அவர் இறந்த சில நாட்களிலேயே, அவர் உருவாக்கிய சின்ன உலகம் தீயில் அழிந்தது.

இந்தியாவுக்கு இந்தச் சிற்றுரு விளையாட்டு புதிதல்ல. புனேயின் கோத்ருடில் 1998-இல் திறந்த ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம், செலியோஸ் கையாண்ட அதே 1:87 அளவில்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கில் ஓரடி மூன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆறடி ஆள் 21 மில்லிமீட்டர் நிற்பார். நம் ஆட்களோ சிறிதாக்கி விளையாடுவதில் இன்னும் பழையவர்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைச் சிதைப்பது ஒன்று, சிறுதேர் உருட்டுவது இன்னொன்று. கொலுப்படிக்குக் கீழே பூங்காவும் கிணறும் தெப்பக்குளமும் அமைக்கிற வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் கொலுவில் எல்லாம் புத்தம்புதிதாக இருக்கும். பாசி பிடித்த குளத்தை யாரும் வைப்பதில்லை.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் இதில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு கிட் ஒன்றைத் தருவித்தால் பெட்டிக்குள் மரத்தோடு நியூ இங்கிலாந்தின் வானிலையும் சேர்ந்து வரும். குறிப்பேட்டில் இருக்கும் முதுமை அந்த ஊர்ப் பனிக்கும் நிலக்கரிப் புகைக்கும் உரியது. மாசசூசெட்ஸில் வடக்குச் சுவர் வருடம் முழுக்க உச்சி வெயிலைப் பார்க்காது. பாசி அங்கே தங்கும். ஒரகடம் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதியச் சூரியன் இங்கே தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆக, கத்திரி வெயில் வடக்குச் சுவரையும் விடுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்றோடு வரும் சாரலும் அதே சுவரில்தான் அடிக்கிறது. அந்த ஒரு சுவருக்குள் வெளுப்பும் இருக்கும், கறுப்பும் இருக்கும். எந்தக் குறிப்பேட்டிலும் இது கிடையாது. பழசாக்குவது என்பது அழுக்கைப் பூசுவதல்ல; தண்ணீர் எங்கே இறங்குகிறது, வெயில் எங்கே விழுகிறது, ஆட்கள் எங்கே சாய்கிறார்கள் என்று யோசிப்பது. அதற்கு ஊரைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதைக் கட்டுவது? வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்ரோட்டுப் பக்கம் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு டீ ஆற்றும் கடையைவிட நல்ல பாடம் கிடைக்காது. சவுக்குக் கம்பு நாலு, பலகைத் தடுப்பு, மேலே தகரம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை 35-க்கு 42 மில்லிமீட்டரில் முடிந்துவிடும்.

மரம் வெளிநாட்டிலிருந்து தானாகவே வந்து இறங்குகிறது. ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் வரும் பேக்கிங் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் பெரும்பாலும் பைன் மரம். எல்லை தாண்டும் இந்த மரத்துக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி உண்டு. பூச்சி பரவாமலிருக்க, மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பம் ஏறி 30 நிமிடம் நிற்க வேண்டும். முடிந்ததும் கோதுமைக் கதிர் சின்னத்தோடு 'எச்டி' என்று முத்திரை குத்துவார்கள். 'எம்பி' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைத் தொடாமல் விடுவது நல்லது. எச்டி பலகையில் முடிச்சில்லாத துண்டாகப் பொறுக்கி, மரப்பட்டறையில் சின்ன ரம்பத்தில் சீவித் தரச் சொன்னால் ஒரு பேலட்டில் ஒரு கடைத்தெருவே கட்டலாம்.

நரைக்க வைக்கும் வேலையில்தான் சுவாரசியம். உண்மையான மரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் லிக்னினைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுகிற செல்லுலோஸ் நார் வெள்ளிச் சாம்பலாகத் தெரிகிறது. இதை ஒரு மாலையில் வரவழைக்க இரண்டு வழி. ஒன்று, அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ஒன்றிரண்டு தேக்கரண்டி கறுப்பு டிராயிங் இங்க் கலந்து பூசுவது. அமெரிக்கக் கிட்காரர்களின் பழைய கைமருந்து இது. இன்னொன்று நம் பக்கத்துக்கு நெருக்கமானது. இரும்பு நாரை வினிகரில் சில நாள் ஊறப்போட்டால் இரும்பு அசிட்டேட் கிடைக்கும். மரத்திலுள்ள டானினோடு அது சேரும்போது மரம் சாம்பலாகவும் கறுப்பாகவும் மாறுகிறது. பைனில் டானின் குறைவு. அதனால் முதலில் கெட்டியான டீ டிகாக்ஷனைப் பூசிக் காயவிட வேண்டும். டீக்கடைக்குச் சாயம் டீயிலிருந்தே வருகிறது. காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் கறுப்பு எடுப்பதும் இதே ரசாயனம்தான்: கடுக்காயில் நனைத்த துணி, வெல்லத்தோடு ஊறிய பழைய இரும்பு.

சாயம் முதலில், ஃபெவிகால் பிறகு. இந்த வரிசை மாறினால் பசை பட்ட இடம் சாயம் குடிக்காமல் வெள்ளையாகப் பல்லிளிக்கும். பலகையின் இரண்டு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளைந்துவிடும்.

ஆணித்துளை விஷயத்தில் மட்டும் கிட் உலகத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. பலகை முனை ஒவ்வொன்றிலும் ஊசியால் இரண்டு குத்து குத்துவது அங்கே ஒரு சடங்கு. ஊசி முனை கால் மில்லிமீட்டர் துளை போடுகிறது என்று வைத்தாலும், 87-ஆல் பெருக்கினால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வரும். அத்தனை தடிமனான ஆணியை எந்தக் கடைக்காரர் அடிப்பார்? கம்பிப் பிரஷ்ஷால் நார் எடுப்பதும் அப்படித்தான். அழுத்திவிட்டால் உழுத வயலாகிவிடும். புகைப்படத்தில் நன்றாக விழுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

தகரத்துக்கு, நெளி அழுத்திய அலுமினியத் தாளை ஃபெரிக் குளோரைடில் முக்குகிறார்கள். எலக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அந்த ரசாயனம் கிடைக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டு மொட்டை மாடியில் செய்ய வேண்டிய வேலை. தாள் சூடேறி ஆவி விடும். அவ்வளவு துணிச்சல் இல்லாதவர்கள் நாட்டு மருந்துக் கடைக் காவியை மெல்லிய பிரஷ்ஷால் தடவலாம். காவியின் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்ஸைடு, துருவிலும் அதே சங்கதிதான். சுவரின் கீழ் ஓரடிக்கு, அதாவது மூன்றரை மில்லிமீட்டருக்கு, மழையில் தெறித்த சேற்றின் கறை வேண்டும். மனை உயர்த்தப் போகும் லாரிகளிலிருந்து சிந்திய சவுடு மண்ணைத் துணியில் சலித்தால் நிறம் அச்சாக விழும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கடையை அளந்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். சிப்காட் தொழிற்பேட்டைக்கும் சாலைக்கும் நிலம் கொடுத்துப் பழகிய வட்டாரத்தில் ஒருவர் டேப்போடு வந்து கடையின் முன்பக்கத்தை அளந்து நோட்டில் குறித்தால், கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "ரோடு அகலப்படுத்தப் போறீங்களா சார்?" என்று கேட்கத்தான் செய்வார். இல்லை, பொம்மைக்கடை கட்டப்போகிறேன் என்று சொன்னால் நம்பமாட்டார். முதலில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, டேப்பைப் பையிலேயே விட்டுவிட்டு, பெஞ்சின் நீளத்தைக் கையால் சாணடித்துக்கொள்வது உத்தமம்.