விடை இருக்கட்டும், வழியை எழுது

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்த வேண்டும். படகில் ஆளோடு ஒன்றுக்குத்தான் இடம். ஆள் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்றுவிடும், ஆடு புல்லைத் தின்றுவிடும். தமிழ் வீடுகளில் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் இந்தப் புதிர், ஐரோப்பாவில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று வேறு வேஷத்தில் உலவுகிறது. 8-ம் நூற்றாண்டு அறிஞர் அல்குயினின் பெயரால் வழங்கும் கணக்குத் தொகுப்பிலும் அது இருக்கிறது. விடை பலருக்கும் மனப்பாடம்: ஏழு பயணம்.

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் நிலைமை வேறாகிறது. ‘புதிரைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னதை மட்டும் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார், திருப்பிக் கேள்வி கேட்கவும் மாட்டார். அவருக்கு ஒரு தாளில் கட்டளைகளை எழுதிக் கொடு.’ விடையைப் பட்டென்று சொன்ன பிள்ளையும் இங்கே தடுமாறும். ‘ஆட்டைக் கொண்டுபோ, பிறகு புலியைக் கொண்டுபோ’ என்று எழுதும். நடுவில் படகைத் திருப்பி ஓட்டிவர வேண்டும் என்ற வரி இருக்காது. சொன்னதை மட்டும் செய்கிற அந்த ஆள் அக்கரையில் ஆட்டோடு நின்றுகொண்டிருப்பார்.

விடை தெரிவதற்கும் வழியைப் பிசகில்லாமல் எழுதுவதற்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் நம் பள்ளிகள் கண்டுகொள்வதே இல்லை.

கர்நாடகத்தின் பங்காருபேட்டை வட்டாரத்துக்கு இப்படிப் பிசகில்லாமல் எழுதுவது புதிதாகக் கற்பிக்க வேண்டிய விஷயமே அல்ல. இந்த ஊரின் பிழைப்பே எழுதிவைத்த கட்டளைகளின் மேல் நடந்தது. சென்னை–பெங்களூரு பாதையிலிருந்து தங்கவயலுக்குக் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு இது. 1894-ல் போடப்பட்ட அந்தக் கிளை கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பம் போகிறது. இன்னொரு பக்கம் கோலார் பாதை. இந்திய ரயில்வேயில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ‘ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ்’ என்று தனியாக ஒரு விதித்தொகுப்பு உண்டு. எந்த லைனில் எந்த வண்டியை வாங்கலாம், அதற்கு முன் யார் எதைச் சரிபார்க்க வேண்டும், சிக்னல் பழுதானால் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். படிப்பவர் ஊருக்குப் புதியவர், நேரம் நள்ளிரவு, மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்படுகிற உரைநடை அது.

புதிரின் நேர்ப்பங்காளி ஒன்று பாதை முடியும் நிலையங்களில் இருக்கிறது. வண்டியை இழுத்து வந்த என்ஜின், திரும்பும்போது மறுமுனைக்குப் போயாக வேண்டும். பெட்டிகள் நகராதபடி பிரேக் போடு. என்ஜினைக் கழற்று. தண்டவாளம் பிரியும் பாயிண்டைத் தாண்டும் வரை முன்னே போ. பாயிண்டை மாற்று. பக்கத்து லைன் வழியாக மறுமுனைப் பாயிண்டைத் தாண்டும் வரை பின்னால் வா. அந்தப் பக்கத்துப் பாயிண்டை மாற்று. பெட்டியோடு சேர். பிரேக் குழாயை இணைத்துச் சோதி. இதில் ஒரு வரியை இடம் மாற்றிப் போட்டாலும் என்ஜின் பொறியில் சிக்கிய எலிதான். முதல் வரியை விட்டுவிட்டாலோ, சரிவில் பெட்டிகள் தாமாகவே கிளம்பிவிடக்கூடும்.

ஒற்றைப் பாதைகளில் நீல் பந்து டோக்கன் முறையை ஒருகாலத்தில் நாடெங்கும் பார்க்க முடிந்தது. ஒரு நிலையத்துக் கருவியிலிருந்து உலோகப் பந்தை எடுக்க வேண்டுமானால் அடுத்த நிலையத்துக்காரர் சம்மதித்துத் தன் கருவியை இயக்க வேண்டும். அந்தப் பந்து ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்ப விழும்வரை இன்னொரு பந்து வெளியே வராது. பந்து கையில் இல்லாத ஓட்டுநர் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. ‘ஒரு நேரத்தில் ஒரு வண்டி’ என்ற கட்டளையை இரும்பிலேயே எழுதிவிட்டார்கள். 1960-களில் பல வேலைகள் ஒரே கணினியை முட்டிக்கொள்ளாமல் பகிர்ந்துகொள்ள வழி தேடிய டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, தன் தீர்வுக்கு ரயில்வேயின் கைகாட்டிப் பெயரையே, ‘செமாஃபோர்’ என்று, வைத்தார்.

தங்கச் சுரங்கத்திலும் அதே கண்டிப்பு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. மேலே, கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் என்ஜினை ஓட்டுபவருக்குக் கீழே கூண்டில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று தெரியாது. அவருக்குக் கேட்பது மணிச் சத்தம் மட்டும். எத்தனை மணிக்கு என்ன பொருள் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டது. ‘எனக்குத் தோன்றியது’ என்பதற்கு அங்கே இடமில்லை. வடஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழ்த் தொழிலாளர்களின் உயிர் அந்த எண்ணிக்கையில் தொங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் விடியற்காலை வண்டியில் பங்காருபேட்டையைத் தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

கட்டளையில் பிசகு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். 2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பச்சை சிக்னலை நம்பிப் பக்க லைனுக்குள் புகுந்து சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் செய்த மாற்றத்தில் நேர்ந்த பிழைகளையும், கம்பிகளுக்கு இட்டிருந்த பெயர்க்குறிகள் தவறாக இருந்ததையும் விசாரணை சுட்டிக்காட்டியது.

இனி ஆற்றங்கரைக்குத் திரும்பலாம். ஏழு வரிப் பட்டியலை எழுதிய பிள்ளையிடம் அடுத்துக் கேட்க வேண்டியது: ‘பட்டியல் வேண்டாம், விதி சொல். எந்த நிலையில் விட்டாலும் அடுத்து என்ன செய்வது என்று அந்த ஆள் தானே கண்டுபிடிக்க வேண்டும்.’ நல்ல மாணவிக்கு இரண்டு விதிகள் தோன்றும். கரையில் ஆபத்து வரும்படி விட்டுப் போகாதே. இப்போதுதான் செய்ததை உடனே தலைகீழாக்காதே. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் வேடிக்கை தெரியும். ஆட்டை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிறார். புலியைக் கொண்டுபோகிறார், ஆட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறார், புல்லைக் கொண்டுபோகிறார். இங்கே அவர் தனியாகத் திரும்பலாம். ஆனால் புலியோடு திரும்பினாலும் எந்த விதியும் மீறப்படவில்லை! புலியைக் கொண்டுவந்து, ஆட்டைக் கொண்டுபோய், புல்லைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஆறு பயணம் முடிந்து பழைய நிலைக்கே வந்து நிற்பார். இப்படியே ஆயுள் முழுக்கத் துடுப்புப் போடலாம். யாரும் யாரையும் தின்னவில்லை, யாரும் கரை சேரவுமில்லை.

கணினியில் நிரல் எழுதுகிறவர்களை இரவெல்லாம் விழிக்கவைக்கும் முடிவில்லாச் சுழல் இதுதான். அதை ஒரு 12 வயதுப் பிள்ளை தீப்பெட்டியையும் மூன்று கூழாங்கற்களையும் வைத்துத் தரையில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடலாம். மருந்தும் அந்தப் பிள்ளைக்கே எட்டும். போகும்போது ஏதாவது ஒன்றோடு போ, வரும்போது ஆபத்தில்லாமல் தனியாக வர முடிந்தால் தனியாகவே வா என்று சேர்த்தால், தொடக்கத்திலிருந்து ஏழே பயணத்தில் வேலை முடிகிறது. அல்லது வந்து போன நிலைகளை நோட்டில் குறித்துக்கொண்டு, அவற்றுக்குத் திரும்பாமல், முட்டுச்சந்தில் மாட்டினால் ஒரு படி பின்வாங்கி வேறு வழி பார்க்கலாம். ஆளையும் மூன்று சரக்கையும் சேர்த்து மொத்தம் 16 நிலைகள். ஆபத்தில்லாதவை 10. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் 2026-27 கல்வியாண்டு முதல் கற்பிக்கப்படும் என்று 2025 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. அறிவிப்பு வந்ததுமே கணினி எத்தனை, இணைய வேகம் எவ்வளவு என்ற பேச்சுதான் எழும். அது தப்பான இடத்தில் தொடங்குவது. நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் 1990-களிலேயே கணினியைத் தொடாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் பாடங்களை உருவாக்கி உலகுக்குக் கொடுத்துவிட்டார்கள். நமக்கும் அந்த மரபு உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமல் சுளையை எண்ணும் விதி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. சுளை கூடலாம் குறையலாம். கட்டளையில் ஐயத்துக்கு இடமே இல்லை.

தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் புழங்கும் பங்காருபேட்டை போன்ற ஊரில் இந்தப் பாடம் வீட்டுமொழியில் நடக்க வேண்டும். தமிழில் எழுதிய கட்டளையை அடுத்த வகுப்புப் பிள்ளை, எழுதியவர் வாயைத் திறக்காமல் இருக்க, கூழாங்கல்லை நகர்த்திச் செய்துகாட்டட்டும். எந்த வரியில் கை நிற்கிறதோ அந்த வரிதான் திருத்த வேண்டிய வரி. ஆசிரியர் சிவப்பு மை தொட வேண்டியதில்லை. ‘ஏழு’ என்ற விடைக்கு ஒரு மதிப்பெண் போதும். மீதி மதிப்பெண் அந்தத் தாள் பிறர் கையில் ஓடியதா என்பதற்குத்தான் போக வேண்டும்.

பிறகு புதிரைக் கடினமாக்கலாம். துறவிகள் மூவர், நரமாமிசம் தின்போர் மூவர், இருவர் ஏறும் படகு. எந்தக் கரையிலும் துறவிகள் இருக்கும்போது அவர்களைவிடத் தின்போர் அதிகமாகக் கூடாது. பதினொரு பயணம் தேவைப்படும். நான்கும் நான்கும் என்றாக்கினால், அதே படகில் கடக்கவே முடியாது. எல்லா நிலைகளையும் நோட்டில் குறித்து, இனி போக இடமில்லை என்று கண்டு, ‘முடியாது என்று எழுதி நிறுத்து’ என்ற வரியோடு தன் கட்டளையை முடிக்கிற பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.