பாயின்ட்டுக்கு ஆசைப்பட்டு கார் சாவியைக் கோட்டை விடாதீர்கள்!

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு ஐரோப்பா கிளம்பும் கூட்டம் வருடா வருடம் ஒரே கேள்வியைக் கேட்கிறது: "முதல் கிரெடிட் கார்டு எது வாங்கலாம்?" பதிலும் வருடா வருடம் அதேதான். ஒருத்தர் ரிவார்டு பாயின்ட் என்பார். இன்னொருத்தர் ஏர்போர்ட் லவுஞ்சில் ஓசிச் சாப்பாடு என்பார். மூன்றாமவர் ரொம்ப விவரம்; "கிரெடிட் கார்டே கடன் குழி, ஃபாரெக்ஸ் கார்டு போதும்டா" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்தக் கார்டை வைத்து அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

நம் ஆட்கள் பலருக்கும் லீவு கிடைத்தால் கார் எடுத்து ஊர் சுற்ற வேண்டும் என்பதுதான் கனவு. ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம். அதுவும் ஷெங்கன் நாடுதான், தனி விசா வேண்டியதில்லை. தீவைச் சுற்றி வரும் 1ஆம் எண் நெடுஞ்சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸை நம்பி அதைச் சுற்றி முடிப்பது நடக்காத காரியம். கார் எடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு தேவைக்கு முன்னால் மேலே சொன்ன மூன்று பதில்களுமே தப்பு என்பதுதான் என் வாதம்.

ஏன் தப்பு? வாடகைக் கார் கவுன்ட்டரில் உங்கள் கார்டு வெறும் பணம் கட்டும் கருவி அல்ல. அது ஜாமீன்! நீங்கள் யாரென்றே தெரியாத ஒரு கம்பெனி பல லட்சம் மதிப்புள்ள வண்டியைக் கொடுத்து அனுப்புகிறது. நாளைக்கு ஒரு கீறல் விழலாம், வேகத்துக்கு அபராதம் வரலாம், சுங்கக் கட்டணம் பாக்கி நிற்கலாம். இதெல்லாம் நீங்கள் ஊர் திரும்பிப் பல வாரம் கழித்துக்கூட வரும். அதனால்தான் சாவியைத் தருவதற்கு முன் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைக்கிறார்கள். பணம் எடுக்கப்படுவதில்லை, ஆனால் அந்த அளவுக்கு உங்கள் லிமிட் காலி. வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது விடுபட சில நாளோ சில வாரமோ ஆகும்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் ஃபாரெக்ஸ் கார்டு கட்சிக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் அது நல்ல கார்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பல கார் கம்பெனிகள் டெபாசிட்டுக்கு ப்ரீபெய்ட் கார்டை வாங்கவே வாங்காது. டெபிட் கார்டுக்கும் பல இடங்களில் இதே கதி. சில இடங்களில் வாங்கினாலும், முழுக் காப்பீட்டையும் எங்களிடமே வாங்கு என்பார்கள். அப்படியே வாங்கிக்கொண்டாலும் முடங்குவது லிமிட் அல்ல, உங்கள் கைக்காசு. மாதச் செலவுக்கு அப்பா போட்டுவிட்ட பணம் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்க, நீங்கள் பிரெட்டும் தண்ணீரும் சாப்பிட வேண்டியதுதான். "காசு இருக்கிறதே, அப்புறம் என்ன" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஜாமீனுக்குக் காசு போதாது, ஒரு வங்கி உங்களை நம்புகிறது என்ற அத்தாட்சி வேண்டும்.

அடுத்து பாயின்ட் கட்சி. கணக்குப் பார்ப்போமா? பல இந்திய கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் பிடிக்கின்றன. அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 4.13%. ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால் 4,130 ரூபாய் காற்றில் போகும். நூற்றுக்கு ஒரு ரூபாய் பாயின்ட் கிடைக்கிறது என்று இதற்குத்தான் குதிக்கிறோம். மார்க்கப் இல்லாத அல்லது 2% மட்டும் உள்ள கார்டுகளும் இருக்கின்றன. லவுஞ்ச் படத்தைப் பார்க்கும் நேரத்தில் கட்டண அட்டவணையைப் பாருங்கள் சாமி.

மூன்றாவதாக ஒரு புதுக் கட்சி: "ரூபே கிரெடிட் கார்டு வாங்கு, யூபிஐயில் ஓடும்." ஊரில் டீக்கடைக்கு அருமை. ஆனால் வெளிநாட்டுக் கார் கவுன்ட்டரில் கேள்வி கேட்காமல் வாங்குவது விசாவும் மாஸ்டர்கார்டும்தான். வங்கி எதைத் தருகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கார்டு நெட்வொர்க்கை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வழி விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 மார்ச்சில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பெரிய வங்கிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. கேளுங்கள்.

"அப்பா கார்டை எடுத்துட்டுப் போறேன்" என்பவர்களுக்கு: கார்டில் இருக்கும் பெயரும் லைசென்ஸில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொது விதி. உங்கள் பெயர் அச்சிட்ட ஆட்-ஆன் கார்டு என்றால் சரி. ஆனால் லிமிட் அப்பாவுடையது, கட்ட வேண்டிய பொறுப்பும் அப்பாவுடையது. அதை மறக்காதீர்கள்.

அப்படியானால் சம்பளம் இல்லாத மாணவன் என்ன செய்வது? வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் பேரில் கார்டு வாங்குவதுதான் நேர்வழி. வருமானச் சான்று கேட்பதில்லை. டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். ஆனால் லிமிட் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். லிமிட் 60 ஆயிரம், கார் கம்பெனி முடக்குவது 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 10 ஆயிரத்தில் வாடகை, பெட்ரோல், ஹோட்டல் எல்லாம் முடியுமா? முடக்கப்படும் தொகையைப் போல இரண்டு மடங்கு லிமிட்டாவது வேண்டும்.

அவ்வளவு டெபாசிட் எல்லார் வீட்டிலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். நல்ல செய்தி என்னவென்றால், நாலு பேர் போனால் நாலு கார்டு வேண்டாம். ஒருத்தர் கார்டு போதும், அவர் பெயர் முதல் ஓட்டுநராக இருந்தால் சரி. ஆனால் வில்லங்கமும் அங்கேதான். பின்னால் வரும் அபராதமும் அவர் தலையில்தான் விடியும். கிளம்பும் முன்பே நாலு பேரும் பங்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்பு உடைவது பெரும்பாலும் இந்த மாதிரி சில்லறையில்தான் :-)

இன்னும் சில விஷயங்கள்:

1. புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படிதான் வரும். 2020 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். வெளிநாட்டு உச்சவரம்பையும் பாருங்கள்.

2. பின் நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். ஐஸ்லாந்தில் ஆளில்லாத பெட்ரோல் பங்குகள் பல உண்டு; பின் இல்லாமல் ஒரு சொட்டு இறங்காது.

3. மெஷின் "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் ரேட்.

4. ஆர்டிஓ ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டி பன்னாட்டு ஓட்டுநர் பெர்மிட் எடுங்கள். ஓராண்டு செல்லும். கூடவே அசல் லைசென்ஸும் வேண்டும். கம்பெனியின் வயது வரம்பையும் முன்கூட்டியே படியுங்கள்.

கடைசியாக, "கடன் குழி" என்று பயமுறுத்தியவருக்குப் பாதி மார்க் கொடுக்கிறேன். பாக்கி வைத்தால் மாதம் 3.5% வட்டி என்பது வருடத்துக்கு 42%. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. உங்களைக் காப்பாற்ற உச்சவரம்பு எதுவும் வரப்போவதில்லை. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்ட முடியாதவர் கார்டும் வாங்க வேண்டாம், காரும் எடுக்க வேண்டாம். ரயிலில் போங்கள், அதுவும் அழகுதான்.

ஆனால் கார் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், உங்களுக்கு வேண்டியது பரிசு கொடுக்கும் கார்டு அல்ல. நடுராத்திரி அந்நிய ஊர் கவுன்ட்டரில் உங்களுக்காக ஜாமீன் நிற்கும் கார்டு. பெயர், நெட்வொர்க், லிமிட், மார்க்கப். இந்த நாலையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு லவுஞ்சில் இட்லி உண்டா என்று கேளுங்கள்.