ஒரு மாதம் கேட்டுவிட்டு எழுதுங்கள்

இந்த இதழிலிருந்து ஆல்பம் மதிப்புரைகளுக்கு ஒரு விதி வைக்கிறோம். ஓர் ஆல்பம் வெளிவந்து ஒரு மாதம் ஆகுமுன் எழுதிய மதிப்புரையைப் போடமாட்டோம். எழுதுகிறவர் அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், குறைந்தது மூன்று தடவை கேட்டிருக்க வேண்டும். அதில் ஒரு தடவையாவது ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, வேறு வேலை பார்க்காமல் கேட்டிருக்க வேண்டும். புகழ்ந்து எழுதினாலும் சரி, கிழித்து எழுதினாலும் சரி, நிபந்தனை ஒன்றுதான்.

ஒரு மாதம் கழித்து எழுதினால் யார் படிப்பார்கள் என்று ஆசிரியர் குழுவிலேயே கேள்வி எழுந்தது. சிற்றிதழால் வேகத்தில் யாரோடும் போட்டி போட முடியாது. போட வேண்டிய தேவையும் இல்லை. எங்களுக்கு இருக்கும் கவலை வேறு.

ஜோகூரின் தம்போயில் இருக்கும் தமிழர் காதுக்குப் பாட்டுப் பஞ்சம் கிடையாது. வானொலியில் மின்னல் உண்டு, ராகா உண்டு, கடற்பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து சிங்கப்பூரின் ஒலி 96.8 உண்டு. விடிவதற்கு முன்பே பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்களின் பேருந்திலும் பாட்டு, பசியாறும் கடையிலும் பாட்டு, தாமானில் யார் வீட்டுத் திருமணம் என்றாலும் பாட்டு. சென்னையில் ஒரு படப்பாடல் வெளியானால், கேட்க வேண்டும் என்று நாம் நினைக்காமலேயே அடுத்த சில நாட்களில் அது பலமுறை நம் காதில் விழுந்துவிடுகிறது. முதலில் அலட்சியமாக இருந்த பாட்டு மூன்றாம் வாரம் வாயில் முணுமுணுப்பாக வருகிறது. இப்படி மறுபடி மறுபடி கேட்கப்படும் பாக்கியம் சென்னைப் பாடலுக்குத் தானாகக் கிடைக்கிறது.

இங்கேயே பிறந்து இங்கேயே பாடும் ஒருவருடைய ஆல்பத்துக்கு அது கிடைப்பதில்லை. நண்பர் அனுப்பிய இணைப்பை ஒருவர் தட்டுகிறார். முதல் சரணம் வருமுன் தீர்ப்பு வந்துவிடுகிறது: "ஓகே லா, ஆனா இந்தியா பாட்டு மாதிரி வரல." அந்த இந்தியப் பாட்டை அவர் எத்தனை தடவை கேட்ட பிறகு அது அப்படி ஆயிற்று என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பலமுறை கேட்ட ஒன்றையும் அரைமுறை கேட்ட ஒன்றையும் பக்கத்தில் வைத்துத் தரம் பார்க்கிறோம். மலேசியத் தமிழ் இசைக்கு நாம் செய்துவரும் பெரிய அநியாயம் இது என்றே நினைக்கிறோம்.

'வல்லவன்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் மூவரும் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் வெளியிட்டது. யோகி பி அதற்கு முன்பே பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்து மலேசிய ஹிப் ஹாப்பில் பெயர் பெற்றிருந்தார். 'வல்லவன்' வந்ததும் அதிலுள்ள 'மடை திறந்து' பாட்டு கடலைத் தாண்டித் தமிழ்நாடு போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. 'மடை திறந்து' முதல் தடவையிலேயே பிடித்துப்போனதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது யாருக்கும் முதல் தடவை இல்லை. அதற்கு அடியில் இருந்தது 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு. கால் நூற்றாண்டாகக் காதில் ஊறிய மெட்டு அந்த ராப்பைத் தூக்கிக்கொடுத்தது. ஆல்பத்தின் மற்றப் பாடல்களுக்கு அந்தத் துணை இல்லை. அவை தம் சொந்தக் காலில் நிற்க வேண்டியிருந்தது. இன்று 'வல்லவன்' என்றால் எத்தனை பேருக்கு இரண்டாவது பாட்டின் பெயர் வாயில் வருகிறது?

ஏ.ஆர். ரஹ்மான் விஷயத்தில் நம் ஆட்களுக்கு இல்லாத பொறுமையா? "ரஹ்மான் பாட்டு ஸ்லோ பாய்சன், கேட்கக் கேட்கத்தான் ஏறும்" என்று எல்லோரும் சொல்கிறோம். 1997இல் அவர் இசையமைத்த 'இருவர்' படம் வசூலில் தோற்றது. உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடிய 'நறுமுகையே' தோற்கவில்லை. பழைய திரைப்பாட்டின் சாயலும் ஜாஸும் நாட்டை ராகமும் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து வந்தால் காது முதலில் திகைக்கத்தான் செய்யும். ரஹ்மான் என்ற பெயருக்காக நாம் பொறுத்துக்கொண்டோம், பொறுத்ததற்குப் பலன் கிடைத்தது. அந்தப் பொறுமையைப் பெரிய பெயருக்கு மட்டும் கொடுப்பது ஏன்? முதல் ஆல்பம் போடும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் அது அதிகமாகத் தேவைப்படுகிறது.

மறுமுறை கேட்டே தீர வேண்டிய தொகுப்பு ஒன்று சொல்லுங்கள் என்றால் 2005இல் வந்த இளையராஜாவின் திருவாசகத்தைச் சொல்வோம். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. ஆங்கில வரிகள் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதியவை. மொத்தம் ஆறு பாடல்கள். மலேசியாவில் தேவார வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்குச் சிவபுராணம் மனப்பாடம். ஓதுவார் திருவாசகத்தை மோகனத்தில் பாடக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அந்தக் காதோடு 'பொல்லா வினையேன்' கேட்க உட்கார்ந்தால் முதலில் கோபம் வரும். மாணிக்கவாசகருக்கு நடுவில் ஆங்கிலம் எதற்கு, இத்தனை வயலின் எதற்கு, பாட்டு ஏன் நின்று நின்று போகிறது என்று தோன்றும். ஏறக்குறைய இருபது நிமிடம் நீளும் பாட்டு அது. பழகிய மெட்டைத் தேடிக்கொண்டே கேட்டால் முதல் தடவை தேடுவதிலேயே முடிந்துவிடும். இரண்டாம் தடவையில்தான் தேடல் நிற்கிறது. பிறவிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகும் இடத்தில் இசை எப்படிப் படிப்படியாக ஏறுகிறது, குழுவின் குரல் எந்த இடத்தில் ஒற்றைக் குரலைச் சூழ்கிறது, எந்த இடத்தில் தனியாக விட்டுவிடுகிறது என்பதெல்லாம் பிறகுதான் காதில் படும். அப்படிக் கேட்ட பிறகும் ஆங்கிலப் பகுதி ஒட்டவில்லை என்று ஒருவர் எழுதலாம். எங்களில் சிலருக்கும் அதே கருத்துதான். ஆனால் அது கேட்டறிந்த கருத்து. முதல் தடவை வந்த கோபம் வேறு.

மறுமுறை கேட்க வேண்டும் என்ற வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. எதையும் திரும்பத் திரும்பக் கேட்டால் பிடித்துப்போகும், அப்படிப் பிடிப்பது தரத்துக்குச் சான்றாகுமா? 1968இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் காட்டியது இதைத்தான். பொருளே இல்லாத சொற்களையும், சீனம் படிக்கத் தெரியாதவர்களிடம் சீன எழுத்துப் போன்ற வடிவங்களையும் திரும்பத் திரும்பக் காட்டினார். அடிக்கடி பார்த்தவையே நல்லவையாகப் பட்டன. வானொலியில் ஒரு பாட்டை ஓயாமல் ஒலிபரப்புவதன் சூத்திரமும் அதுவே.

2013இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வேறு விதமாகச் சோதித்தார்கள். அமெரிக்காவில் ஏராளமான வீடுகளில் அச்சுப்படமாகத் தொங்கும் தாமஸ் கின்கேடின் ஓவியங்களையும், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் மில்லேயின் ஓவியங்களையும் மாணவர்களுக்கு வகுப்புகளின் ஊடே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கின்கேடின் ஓவியங்களை அதிகம் பார்க்கப் பார்க்க விருப்பம் குறைந்தது. மில்லேவுக்கு அந்தச் சரிவு நேரவில்லை. பழக்கம் எல்லாவற்றையும் இனிப்பாக்குவதில்லை. நிற்கும் சரக்கையும் நிற்காத சரக்கையும் அது பிரித்தும் காட்டுகிறது. இசையிலும் இதைக் காண்கிறோம். வெளிவந்த நாளில் ஊரே ஆடிய பாட்டுகளில் எத்தனை அடுத்த தீபாவளியைப் பார்க்கின்றன? ஆகவே மூன்று தடவை கேளுங்கள் என்று நாங்கள் சொல்வது கலைஞருக்குக் காட்டும் சலுகை என்று யாரும் எண்ண வேண்டாம். மோசமான ஆல்பம் மூன்றாம் தடவையில்தான் முழுதாக அம்பலமாகும். அதை எழுதவும் இந்தப் பக்கங்களில் இடம் உண்டு.

இப்போது பாட்டுகள் ஆக்கப்படும் விதமும் முதல் கேட்பை நம்பியே இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. 1986 முதல் 2015 வரை அமெரிக்காவின் முதல் பத்து இடங்களைப் பிடித்த பாடல்களை ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது, சராசரியாக 20 வினாடிக்கு மேல் இருந்த முன்னிசை 5 வினாடியாகச் சுருங்கியது தெரியவந்தது. நம் பிள்ளைகளும் அந்த அவசரத்துக்கு ஆளாகிறார்கள். ஆல்பமே வேண்டாம், சிங்கிள் போதும் என்கிறார்கள். கேட்பவர் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்தால், திரும்பி வருகிறவருக்காக யார் எதை உள்ளே வைப்பார்கள்?

ஹெட்ஃபோன் நிபந்தனை ஏன் என்றும் கேட்டார்கள். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கீழ்ச்சுருதி சரியாக வராது. வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உருமி எழுப்பும் அந்த உறுமலே போய்விடும். நம் உள்ளூர் ஆல்பங்களில் உருமிக்கு இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்காமலே "பீட் இல்ல" என்று எழுதுவது நியாயமில்லை.

வேலை முடிந்து பாலத்தில் நெரிசலில் நின்று வீடு வருகிறவர் ஓர் ஆல்பத்தை மூன்று தடவை கேட்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ரசிகர் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர். பிடிக்கவில்லையென்றால் முதல் நிமிடத்திலேயே நிறுத்திவிடலாம், அது அவர் உரிமை. பேர் போட்டு நாலு பேர் படிக்க எழுதுகிறவருக்குத்தான் இந்தக் கடமை. கச்சேரி கேட்கிறவர்கள் ஒரே கீர்த்தனையை ஆண்டுக்கணக்கில் கேட்டுத்தான் கேள்வி ஞானம் பெறுகிறார்கள். அவர்கள் சொல்லுக்கு இருக்கும் எடை அப்படி வந்தது.

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னும் ரெண்டு தடவ கேளுங்க, புரியும்" என்பதைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். சுருதி விலகல் முதல் தடவையிலேயே தெரியும். ழகரமும் ளகரமும் குழம்பினால் அப்போதே தெரியும். குரலை இசை மூடிவிட்ட ஒலிக்கலவை எத்தனை தடவை கேட்டாலும் சரியாகாது. இவற்றைச் சரிசெய்துவிட்டு வெளியிடுங்கள். மீதியை நாங்கள் பொறுமையாகக் கேட்கிறோம்.

அடுத்த இதழுக்கு 'வல்லவன்' ஆல்பம் பற்றிய கட்டுரைகளை வரவேற்கிறோம். 'மடை திறந்து' பற்றி மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். மற்றப் பாடல்களையும் கேட்டு எழுதுங்கள். ஜோகூரில் கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த உள்ளூர் ஆல்பம் உங்கள் கையில் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள், கேட்டு எழுத ஆள் தருகிறோம்.