சாரதிகளுக்குப் போதைச் சோதனை: கட்டாயம் வேண்டும், ஆனால்...

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள், பாதியில் விட்டுவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

அண்மையில் நம்ம பக்கத்து வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றியது. பிரதான வீதியில் ஒரு லொறியை நிறுத்தி, சாரதியை இறக்கி, வாயிலிருந்து எச்சில் எடுத்துச் சோதிக்கிறார்கள். "பொசிட்டிவ்" என்று ஒரு குரல் கேட்கிறது. அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. வழியால் போன யாரோ எடுத்தது. முகம் பளிச்சென்று தெரிகிறது. கீழே "தூள்காரன்" என்றும், "இவனுகளாலதான் பிள்ளைகள் சாகுது" என்றும் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எங்களில் சிலரும் அதை அடுத்த குழுமத்துக்கு அனுப்பினோம்.

அந்த சாரதியின் மகள் நாங்கள் படிப்பிக்கும் பிள்ளை. மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் உம்மாவோடு வந்தாள். உம்மாவின் கையில் வாப்பாவின் கிளினிக் கொப்பி. முதுகு வலிக்காக மாதக் கணக்கில் மருந்து எடுக்கிறார். அதில் கொடீன் சேர்ந்த குளிசையும் இருக்கிறது. கொடீன் உடம்புக்குள் போனால் அதில் ஒரு பங்கு மோர்பினாக மாறும். ஹெரோயினைத் தேடும் சோதனையும் மோர்பினைத்தான் தேடுகிறது. கிட்டில் விழுகிற கோட்டுக்கு குளிசை எது, தூள் எது என்று தெரியாது. ஆய்வுகூடத்தில் விரிவாகப் பார்த்தால்தான் பிரித்தறியலாம்.

அவருடைய விடயம் இன்னும் முடியவில்லை. அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டோம். இவ்வளவையும் வீட்டாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

இதை வாசித்துவிட்டு "மாஸ்டர்மார் சோதனை வேண்டாம் என்கிறார்கள்" என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். காலையில் பாடசாலை வாசலில் பிள்ளைகளை வீதி கடக்க வைப்பவர்கள் நாங்கள். மணல் ஏற்றிய டிப்பர் எந்த வேகத்தில் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். சீனக்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போகும் லொறிகள், எண்ணெய் பவுசர்கள், தூர சேவை பஸ்கள், இவற்றுக்கு நடுவில்தான் நம்ம பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்கு வெளிக்கிட்ட பிள்ளைகளை ஜனாஸாவாகப் பார்த்த பிரதேசம் இது. பிள்ளைகளின் பயணம் என்றால் எங்களுக்கு இன்னும் நெஞ்சு அடிக்கும்.

ஐஸ் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது என்பதை ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல-வெல்லவாய வீதியில் 15 பேர். ஒக்டோபர் 30ஆம் திகதி 'முழு நாடுமே ஒன்றாக' என்று அரசாங்கம் போதைக்கு எதிரான திட்டத்தை ஆரம்பித்தது. பஸ் சாரதிகளைச் சோதிப்பதும் சூடு பிடித்தது. இதையெல்லாம் நாங்கள் வரவேற்கிறோம். பிந்தி வந்தது என்பதுதான் குறை.

எங்களுடைய கேள்வி வேறு. கிட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

மதுபானத்துக்கு ஊதிப் பார்க்கிறார்கள். அங்கே சட்டத்தில் ஒரு எண் இருக்கிறது: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். அந்த எண்ணுக்குப் பின்னால் நீண்ட கால ஆராய்ச்சி உண்டு. இரத்தத்தில் அளவு கூடக் கூட விபத்தும் கூடுகிறது. 2015இல் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், அந்த அளவில் இருக்கும் சாரதி விபத்தில் சிக்கும் வாய்ப்பு குடிக்காதவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று வந்தது. அதே ஆய்வில் கஞ்சாவையும் பார்த்தார்கள். வயது, ஆண் பெண் வித்தியாசம் எல்லாவற்றையும் கழித்த பிறகு தெளிவான கூடுதல் ஆபத்து கணக்கில் பிடிபடவில்லை. கஞ்சா அடித்துவிட்டு ஓடலாம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் மயக்கம் கையையும் கண்ணையும் பாதிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடம்பில் இருக்கும் அளவு, மயக்கத்தின் அளவைக் காட்டுவதில்லை. மயக்கம் சில மணி நேரத்தில் போய்விடும். வழக்கமாகப் பாவிப்பவரின் சிறுநீரிலோ கிழமைக் கணக்கில் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஐஸ் இன்னும் சிக்கலானது. அடித்த நேரத்தில் ஆள் படு உசார், தன்னை மிஞ்ச யாருமில்லை என்று மிதிப்பான். அது இறங்கும்போது ஸ்டேரிங்கில் தலை வைத்துத் தூங்கிவிடுவான். அந்த இரண்டாவது கட்டம் முதலாவதுக்குக் குறைந்த ஆபத்து இல்லை. ஆனால் உடம்பில் அளவு குறைந்துகொண்டு வருவதும் அப்போதுதான்.

கிட் பிழைக்கும் என்பதற்கு வெளிநாட்டுக் கதை ஒன்று. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 டிசம்பரில் வீதியில் எச்சில் சோதனையைத் தொடங்கினார்கள். முதல் நாளே ஒரு வேன் சாரதிக்கு பொசிட்டிவ். தொலைக்காட்சிக் கெமராக்கள் எல்லாம் அங்கேயே நின்றன. ஆள் நாடு முழுக்கப் பிரபலம். பிறகு ஆய்வுகூட முடிவு வந்தது: ஒன்றும் இல்லை. அங்கே கெமராக்காரர்கள் செய்ததை இங்கே நாங்கள் போனை வைத்துச் செய்கிறோம்.

பிரித்தானியா 2015 மார்ச்சில் வேறு மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு போதைப்பொருளுக்கும், சில வைத்திய மருந்துகளுக்கும் இரத்தத்தில் இவ்வளவு என்று எண் வைத்தார்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்ததை, சொன்ன அளவில் எடுத்து, நிதானம் தவறாமல் ஓடியிருந்தால் அதைச் சொல்லித் தப்பிக்கவும் வழி வைத்தார்கள். அந்தச் சட்டத்திலும் குறை இருக்கிறது. ஆனால் குளிசை எடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதையாவது யோசித்திருக்கிறார்கள். இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு மதுவையும் போதைப்பொருளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மதுவுக்கு எண் இருக்கிறது. மற்றதற்கு அப்படி எல்லாருக்கும் தெரிந்த ஒரு எண் இல்லை.

இப்போது அந்த வாப்பாவின் கதைக்கே வருகிறோம். அவர் தூள்காரன் இல்லை என்று கிளினிக் கொப்பி சொல்கிறது, சரி. ஆனால் அந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு பத்துச் சில்லு லொறி ஓடலாமா? கொடீனும் நித்திரை தரும். அவருக்கு மருந்து எழுதியவர்கள் "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. மருந்து கொடுத்தவர்களும் சொல்லவில்லை. எங்களுக்கும் அந்தக் கொப்பியைப் பார்க்கும் வரைக்கும் இப்படி யோசிக்கத் தோன்றவில்லை. தடிமனுக்கு ஒரு பிரிட்டனைப் போட்டுவிட்டு எத்தனை பேர் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வருகிறோம்? அதுவும் நித்திரைக் குளிசைதான். எந்தக் கிட்டிலும் விழாது.

நித்திரை முழிப்பும் எந்தக் கிட்டிலும் விழாது. பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கை கண் வேகம், இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிவிடும் என்று 1997இலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். இரவு ஏற்றி, விடிய இறக்கி, அப்படியே திரும்பு என்று ட்ரிப் கணக்கில் சம்பளம் கொடுத்தால் மனிதன் என்ன செய்வான்? ஒருவன் வெற்றிலையும் பிளேன்டீயும் போட்டுச் சமாளிப்பான். இன்னொருவனுக்கு யாரோ ஐஸ் நீட்டுவான். பிடிபடுவது சாரதி மட்டும். ட்ரிப் போட்ட முதலாளி மறுநாள் வேறு சாரதியை எடுப்பார். அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

ஆசிரியர் ஓய்வறையில் இதைப் பேசும்போது எங்களில் ஒருவர் கோபப்பட்டார். "ஒருத்தன தப்ப விட்டா நாளைக்கு நம்ம பிள்ள லொறிக்கு அடியில. அப்ப ஆய்வுகூடம் வந்து அழுமா?" என்று கேட்டார். நியாயமான கோபம். யோசித்து நாங்கள் வந்த இடம் இதுதான். கிட்டில் கோடு விழுந்தால் அந்த இடத்திலேயே திறப்பை வாங்குங்கள். அன்றைக்கு அவர் ஓடக்கூடாது. அதற்குச் சந்தேகமே போதும், அதில் பிழை வந்தால் நட்டம் ஒரு நாள் சம்பளம். ஆனால் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறிக்க, வழக்குப் போட, பெயரைக் கெடுக்க அந்தக் கோடு போதாது. வைத்தியர் ஆளை நேரில் பார்க்க வேண்டும்: கண்ணைப் பார்த்து, நடக்க வைத்து, பேச்சுக் கொடுத்து. மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். என்ன மருந்து எடுக்கிறாய் என்று முதலிலேயே கேட்டு எழுத வேண்டும். முடிவு மாதக் கணக்கில் இழுபடாமல் வர வேண்டும், ஏனென்றால் அதுவரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

சட்டத்தை மாற்றுவது நம்ம கையில் இல்லை. பாடசாலை வேன்களின் விடயம் கையில் இருக்கிறது. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எடுக்க இருக்கிறோம். வேன் ஓடும் நானாமார் இரவில் வேறு ஓட்டம் ஓடுகிறார்களா, என்ன குளிசை எடுக்கிறார்கள் என்று குற்றவாளியை விசாரிக்கிற மாதிரி இல்லாமல் கேட்க வேண்டும். முடியாத நாளில் "இன்றைக்கு என்னால் ஓட ஏலாது" என்று அவர் சொன்னால் அந்த மாதக் காசைப் பிடிக்காமல் இருக்க பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். கிளினிக் போகும் சாரதிகள் "நான் வாகனம் ஓடுகிறவன்" என்று வைத்தியரிடம் தாங்களாகவே சொல்லிவிடுங்கள், கேட்கும் வரை நிற்காதீர்கள். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலிலும் இதை ஒரு அறிவித்தலாகச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறோம்.

மகள் இப்போது வகுப்புக்கு வருகிறாள். கடைசி வாங்கில்தான் இருக்கிறாள், முன்னுக்கு வா என்றால் தலையை ஆட்டுகிறாள். இடைவேளையில் ஒரு பொடியன் வாப்பாவின் பெயரைச் சொல்லி எதையோ கேட்டிருக்கிறான். அவனுடைய வாப்பாவின் போனில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது போல. வைத்திருப்பவர்கள் தயவு செய்து இன்றைக்கே அழித்துவிடுங்கள். நாங்கள் எங்களுடையதை அழித்துவிட்டோம், அனுப்பிய குழுமங்களிலும் அழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.